மலர்க்கொடி பிசைந்த சோறு

கலா அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தது 2001ஆம் வருஷம் தை மாதம். பிறந்தது மாகறல், வாழ வந்தது திருப்புலிவனம். கணவன் சக்திவேல் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தான். காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுத்தால் திரும்பி வர இருட்டிவிடும். அவனுடைய முதல் மனைவி மலர்க்கொடி மஞ்சள் காமாலையில் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போன ஒரே பெண் கெங்காவுக்கு ஆறு வயது.

கெங்கா பேசமாட்டாள் என்று பெண் கேட்டு வந்தபோதே சொல்லிவிட்டார்கள். சாப்பிடவும் மாட்டாள் என்பதை யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் கலா சோற்றில் பருப்பு ஊற்றி நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். கெங்கா தட்டைப் பார்க்கவே இல்லை. கலாவின் கையைத்தான் பார்த்தாள். கை நெருங்கியதும் இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரே சுருதியில் ஒரு முனகல் வந்தது. தாய் செத்த பிறகு சக்திவேலின் அக்காதான் வந்து பார்த்துக்கொண்டாளாம். பிள்ளை பட்டினி கிடந்து செத்துவிடுமோ என்ற பயத்தில் கையைக் காலைப் பிடித்து, மூக்கை அடைத்து, சோற்றை உள்ளே தள்ளியிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்தக் கையைப் பார்த்தாலும் கெங்கா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் தின்றது டீயும் பொறையும் மட்டும். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிற அந்தக் காய்ந்த பொறை ரொட்டிதான், அதுவும் விளிம்பு உடையாமல் இருக்கவேண்டும். உடைந்ததைத் தள்ளிவிடுவாள். கலா இட்லி கொடுத்துப் பார்த்தாள், கேழ்வரகுக் கூழ் கொடுத்துப் பார்த்தாள், வாழைப்பழத்தை மசித்துப் பார்த்தாள். பழத்தின் வாசனைக்கே கெங்கா குமட்டினாள்.

கலாவுக்கு உண்மையான பயம் வந்தது அதனால் அல்ல. தினமும் உச்சிவெயில் நேரத்தில் கெங்கா எழுந்து கொல்லைப்புறம் போவாள். அங்கே மண்சுவரை ஒட்டி ஒரு கல் கிடந்தது. அதற்கு எதிரே குந்திக்கொண்டு, யாருமில்லாத அந்தக் கல்லைப் பார்த்தபடி வாயை லேசாகத் திறந்து வைத்திருப்பாள். ஊட்டுகிற கைக்குக் காத்திருக்கிற பிள்ளை திறப்பதைப்போல. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வருவாள். வீட்டுக்குள் ஒரு நாளும் யாருக்கும் திறக்காத வாய் அது. கலா கதவோரம் நின்று இரண்டு மூன்று நாள் பார்த்தாள்.

பங்குனி பிறந்தபோது கெங்காவின் ஈறுகள் வீங்கிக் கறுத்தன. பொறையைக் கடித்தால் அதில் ரத்தம் ஒட்டியிருந்தது. ஒரு நாள் கொல்லையில் அவளைத் தேடிப் போன கலா, அவள் விரலால் மண்ணைக் கிளறி எதையோ எடுத்து வாயில் போடுவதைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தாடையைப் பிடித்துப் பிடுங்கினாள். கறுத்துச் சுருண்ட ஒரு தோல், ரத்தமும் எச்சிலுமாக உள்ளங்கையில் கிடந்தது. எலுமிச்சம்பழத் தோல். அந்த இடத்தைக் குச்சியால் தோண்டினாள். கை வைத்த இடமெல்லாம் தோல்கள். பாதிப் பாதியாக வெட்டிப் பிழிந்த தோல்கள், நூற்றுக்கு மேல் இருக்கும்.

பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் ஓடினாள். எலுமிச்சை மரம் இருந்தது அவள் வீட்டில்தான்.

"தெனிக்கும் காலையில ஒண்ணு வாங்கிக்கினு போவா மலரு," என்றாள் முனியம்மாள். "எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. நாள் தவறாம எலிமிச்சம்பயம் இன்னாத்துக்கு ஒரு பொம்பளைக்கு? வேற எதுக்கா இருக்கும், நீயே சொல்லு."

அவள் சொல்லாமல் விட்டதை மறுநாள் தெருவே சொன்னது. மலர்க்கொடி உயிரோடிருந்தபோதே ஏதோ செய்து புதைத்து வைத்திருக்கிறாள், அது இப்போது பிள்ளையின் ரத்தத்தைக் குடிக்கிறது, அடுத்தது இரண்டாவதாக வந்தவள்தான். மாகறலிலிருந்து கலாவின் அண்ணன் வந்து, புறப்படு என்றான். அவள் பெட்டியைக்கூட எடுத்து வைத்தாள். ஏன் போகவில்லை என்று பிற்பாடு கேட்டவர்களிடம், அன்றைக்கு பஸ் வரவில்லை என்றுதான் சொன்னாள்.

சக்திவேல் ஒரு பூசாரியை அழைத்து வந்தான். அவர் தோல்களையெல்லாம் வாரிக் கொளுத்தினார். கெங்காவின் நெற்றியில் சாம்பலைப் பூசிவிட்டுக் கலாவைப் பார்த்துச் சொன்னார்:

"அவ இன்னும் போவல. அவதான் புள்ளைக்கு ஊட்டிக்கினு கீறா. அவ போற வரைக்கும் நீ குடுக்கறத இது துன்னாது."

அந்த வார்த்தை கலாவை விடவே இல்லை. அடுப்பில் உலை வைக்கும்போது, பாத்திரத்தைக் கழுவும்போது, தன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருப்பதாக நினைப்பு வரும். அரிசி களைந்த தண்ணீரில் முகம் தெரிந்தால் சட்டென்று திரும்பிக்கொள்வாள். கெங்காவோ தோல்கள் எரிந்துபோன இடத்தை மறுபடி மறுபடி கிளறிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் கெங்காவால் எழ முடியவில்லை. கால்களைத் தவளைபோல மடக்கி அகட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். தொட்டால் வீறிட்டாள். சக்திவேல் மறுபடியும் பூசாரியைக் கூப்பிடக் கிளம்பினான். கலா வாசலை மறித்து நின்றாள்.

"எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா புள்ள வலிக்குதுன்னு அழுவுது. வலிக்கு டாக்டருகிட்டதான் போவணும். நீ வரலன்னா நான் ஒண்டியா இட்டுக்கினு போறேன்."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அன்றைக்கு மில்லுக்குப் போகவில்லை.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். ஈறைப் பார்த்தார், காலைப் படம் எடுக்கச் சொன்னார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளை என்னென்ன தின்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டியல் டீயோடும் பொறையோடும் முடிந்துவிட்டது. பழமும் காயும் அடியோடு இல்லாமல் போனால் வைட்டமின் சி குறைந்து ஈறில் ரத்தம் வரும், எலும்பின் மேல் ரத்தம் கட்டிக் கால் இப்படி வலிக்கும் என்றார். கெங்கா பேசாததும், ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதும் ஆட்டிசம் என்றார். பிறவியிலேயே வருவது, பேயுமில்லை, பிடிவாதமுமில்லை. நமக்கு லேசாகத் தெரிகிற வாசனை அவளுக்கு மூக்கைக் குத்தும், நாக்கில் ஒரு திப்பி தட்டுப்பட்டாலும் முள்ளாகத் தெரியும். வாயில் திணிக்கக் கூடாது, திணித்தால் தின்கிற ஒன்றையும் விட்டுவிடுவாள் என்றார்.

ஊசியும் மருந்துமாக ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். வலி குறைந்தது. ஆனால் வீட்டில் கொடுக்க வேண்டிய ஆரஞ்சு நிற மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாலும் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் கெங்கா துப்பினாள். கிளம்புகிற அன்று டாக்டரம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: போன வருஷம் வரை இவளுக்கு இந்த நோய் வரவில்லையே, அப்போது ஏதாவது புளிப்பாகத் தின்றாளா? நெல்லிக்காய், எலுமிச்சை, ஏதாவது?

கலாவுக்குக் கொல்லையில் தோண்டியெடுத்த தோல்கள் நினைவுக்கு வந்தன. பக்கத்தில் சக்திவேல் தலை குனிந்தான். மலர்க்கொடி பிள்ளைக்கு என்ன போட்டுப் பிசைந்தாள் என்று தனக்குத் தெரியாது, கேட்டதே இல்லை என்றான். கொல்லையில் உட்கார்ந்து ஊட்டுவாள் என்பது மட்டும் தெரியும். வெள்ளையாக ஏதோ சோறு.

ஊர் திரும்பியதும் கலா முனியம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டாள். முனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பறித்துக் கொடுத்தாள்.

முதல் நாள் சோற்றில் பிழிந்து வைத்தாள். கெங்கா குனிந்து முகர்ந்தாள். இத்தனை மாதத்தில் அவள் ஒரு சோற்றுத் தட்டை முகர்ந்ததே அன்றுதான். முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மறுநாள் சோற்றைக் கூழாகக் குழைத்து, வடித்த கஞ்சியை விட்டு, பழத்தின் சாற்றைத் துணியில் வடிகட்டி விட்டாள். விரலால் தொட்டு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூட்டிலேயே பிழிந்ததால் சாறு கசந்திருந்தது. மூன்றாம் நாள் சோறு ஆறட்டும் என்று பொறுத்திருந்து, உப்புப் போட்டு, அரை மூடி மட்டும் பிழிந்தாள். தட்டை வீட்டுக்குள் வைக்கவில்லை. கொல்லையில் அந்தக் கல்லின் மேல் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். கையை நீட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

கெங்கா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து எதிரே குந்தினாள். கலாவின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

கலா ஊட்டினாள். ஒரு வாய், இன்னொரு வாய். தட்டு காலியாகும் வரை கெங்கா முனகவே இல்லை. இத்தனை நாள் பிள்ளை சோற்றை வெறுக்கவில்லை, பிறர் கொடுத்த சோறு அவளுக்குச் சோறாகவே இல்லை என்பது கலாவுக்குப் புரிந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. அந்த வாய் தனக்காகத் திறந்ததல்ல. மறுநாள் வேலிக்கு அப்பாலிருந்து முனியம்மாள், "அப்பிடியே மலரு குந்திக்கினு கீற மாதிரியே கீது" என்றபோது கலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகம் யாருடையதாக இருக்குமோ என்றிருந்தது.

பதினைந்து நாளில் ஈறின் கறுப்பும் வீக்கமும் போயின. சித்திரை முடிவதற்குள் கெங்கா தெருவரை நடந்தாள். பிறகு கலா அவசரப்படவில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு புதுப் பண்டத்தைத் துளியாக வைப்பாள், தின்னச் சொல்லமாட்டாள். பருப்புத் தண்ணீர் சோற்றில் கலக்க நான்கு மாதம் ஆயிற்று. அவித்த முட்டையின் வெள்ளை ஆவணியில் உள்ளே போனது, மஞ்சள் கடைசிவரை போகவில்லை. கொய்யாவைத் தொட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். அதை அவ்வளவில் விட்டார்கள்.

பிழிந்த தோலை மலர்க்கொடி கொல்லையிலேயே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்ற கேள்விதான் கலாவை விடாமல் பிடித்தது. எந்த டாக்டரும் அவளுக்குச் சொன்னதில்லை. எத்தனை நாள், எத்தனை தட்டுகள் தள்ளப்பட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தாளோ. சொல்லியிருந்தால் கேட்க ஒருவர் இருந்தாரோ இல்லையோ.

மறு வருஷம் திதி வந்தது. படையலுக்கு வடையும் பாயசமும் செய்துவிட்டு, செத்தவளுக்குப் பிடித்தது ஒன்றும் வைக்கவேண்டுமே என்று கலா சக்திவேலைக் கேட்டாள்.

"மலரு அக்காவுக்கு இன்னா புடிக்கும்?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல," என்றான். "புள்ள துன்னு மிச்சம் வெக்கறதத்தான் துன்னுவா. வேற ஒண்ணும் துன்னு நான் பாத்ததில்ல."

தனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டாலும் அவன் இப்படித்தான் நிற்பான் என்று கலாவுக்குத் தோன்றியது. இலையில் வடை பாயசத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் பரிமாறினாள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கும் வரை கெங்கா நிலைப்படியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.