படுக்கையறையைத் தாண்டும் இடம்

…இல்லை, கோளாறு போனில்தான் இருக்க வேண்டும், வேறெங்கே இருக்கும், வழி இருட்டாக இருந்திருக்கும், சுவர் எங்கே தரை எங்கே என்று போனுக்குப் பிடிபட்டிருக்காது, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மஹாலட்சுமி திரையில் மேடும் பள்ளமுமாகப் போகும் அந்த அசைவுக் கோட்டை மறுபடியும் ஓடவிட்டாள். கண் உயரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு மேடவாக்கம் வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரை அவள் நடந்த நடை அது. நடக்கும்போது கை எப்படி ஏறி இறங்கியது, தோள் எப்படிச் சாய்ந்தது, எல்லாவற்றையும் போன் பதிந்துகொள்ளும், இங்கே நாவலூர் ஆபீஸில் அந்த அசைவை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கேமராவுக்குக் கொடுத்துவிட்டால் அது மனுஷி மாதிரி நடக்கும். நடந்தது. ஹால் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் ஒரு மேடு, நடுவே மூச்சின் சின்னச் சின்ன அலை… படுக்கையறைக் கதவு வந்ததும் கோடு இழுத்துக் கட்டிய கயிறாகிவிடுகிறது. கதவைத் தாண்டி மறுபடி மேடு. ஏன்?

கேளம்பாக்கத்தில் இன்னும் எழும்பாத அடுக்குமாடிக்கு விளம்பரம், ஒரு பெண் தன் புது வீட்டுக்குள் முதல் தடவை நடக்கிறாள், அவள் கண் வழியாக நாம் வீட்டைப் பார்க்கிறோம், கேட்டது அவ்வளவுதான். அந்த வீடும் அவள் வீடும் ஒரே அமைப்பு, இந்தப் பக்கத்து ஃப்ளாட்டெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதானே, அதனால்தான் வீட்டிலேயே நடந்து பதிந்தாள், புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்தாள். டீம் லீடர் அருண்ராஜ் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர்மா, ஆனா அந்த பெட்ரூம் தாண்டுற எடத்துல பேய் மாறி மெதக்குது பாரு, வூடு வாங்க வந்தவன் ஓடிப்பூடுவான்" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், சாயங்காலத்துக்குள் இந்த ஷாட் ஓகே ஆகாவிட்டால் அவளுடைய கான்ட்ராக்டைத் தன்னால் நீட்டிக்க முடியாது என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். வேலை போனால் பகல் முழுக்க அந்த வீட்டில்… வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

செயற்கை நடுக்கத்தை அந்த இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்தாள், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றுவது போலிருந்தது. பக்கத்து மேடுகளை எடுத்து ஒட்டினாள், நொண்டியது. இருட்டுதான் காரணமென்று காலையில் எல்லா விளக்கையும் போட்டு மறுபடி நடந்திருந்தாளே, அந்தப் பதிவை இப்போது ஏற்றினாள், அதிலும் அதே இடத்தில் அதே கயிறு. எல்லா விளக்கும் எரிந்தது அவருக்குத் தெரிந்திருக்குமோ, கதவுக்கு அடியில் வெளிச்சம் போயிருக்குமே… கம்பெனி ஆள்குறைப்பில் வேலை போனதிலிருந்து கணவர் கங்காதரன் அந்த அறையில்தான். அடிக்கமாட்டார், ஒருநாளும் அடித்ததில்லை. அவள் தாண்டிப்போகிற சத்தம் கேட்டால் கூப்பிடுவார், கேள்வி கேட்பார், மெதுவாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, யாரோடு வந்தாய், ஏன் அந்தச் சுடிதார், ஆபீஸில் எதற்குச் சிரித்தாய், பதில் சொல்லச் சொல்ல அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கும். அம்மாவிடம் சொன்னபோது, "கையே நீட்டலன்ற, அப்புறம் இன்னாடி ஒனக்கு?" என்றாள். அதுதானே, அப்புறம் என்ன? நுனிக்காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு… மௌஸில் இருந்த கை அப்படியே நின்றது. குதிகால் தரையில் படவில்லை. மூச்சும் இல்லை. போன் சரியாகத்தான் பதிந்திருக்கிறது.

பக்கத்து நாற்காலி வினிதா எட்டிப் பார்த்தாள், கோவளத்துப் பெண், அம்மா மீன் விற்கிறவள், மார்க்கெட் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். "இன்னாக்கா, வூட்ல பூனை வளக்கறியா, இல்ல நீயே பூனையா?" மஹாலட்சுமியும் சிரித்தாள், சிரித்துவிட்டு, "நீ ஒருதரம் நடந்து குடேன்" என்றாள். தரையில் டேப் ஒட்டி வாசல், ஹால், படுக்கையறைக் கதவு, சமையலறை என்று குறித்தார்கள். வினிதா போனைத் தூக்கிக்கொண்டு தொம்தொம்மென்று நடந்தாள், "நா நடந்தா கீழ் வூட்டுக்காரன் மேல வந்து சண்டை புடிப்பான்க்கா" என்று கத்திக்கொண்டே இல்லாத சுவரில் இடித்துக்கொண்டதாக நடித்தாள், ஆபீஸே சிரித்தது. கேமராவில் ஏற்றிப் பார்த்தபோது அந்தப் பெண் படுக்கையறையைச் சும்மா தாண்டிப் போனாள், அங்கே கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாதவள் மாதிரி. இப்படியும் தாண்டலாமா? இவ்வளவு சுலபமா? அனுப்பினார்கள், ஓகே வந்தது. அருண்ராஜ், "பொழச்ச போ" என்றார், "இனிமே நடக்கற ஷாட்டெல்லாம் வினிதா நடக்கட்டும், நீ உக்காந்து க்ளீன் பண்ணு, இன்னா?" சரி சார் என்றாள். வேலை இருக்கிறது. நாளைக்கும் காலையில் கிளம்பலாம், நாளைக்கும் சாயங்காலம் அங்கேயே திரும்பலாம்.

எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள், வரியாக்கா என்றாள் வினிதா, பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டு நின்றாள். தரையில் டேப் அப்படியே இருந்தது. வெறும் டேப்தானே, அந்தப் பக்கம் தண்ணீர் கேனும் வினிதாவின் பையும், அறையுமில்லை, ஆளுமில்லை, சத்தம் போட்டால் இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? போனைக் கண் உயரத்துக்குத் தூக்கினாள், குதிகாலை வேண்டுமென்றே ஓங்கி வைத்து நடந்தாள், செருப்பு அறைந்தது, சிரிப்புகூட வந்தது, சமையலறை வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்து திரையில் ஏற்றினாள். ஹால் முழுக்க மேடு, வினிதாவுடையதைவிடப் பெரிய மேடு. அப்புறம் அந்த இடம். கயிறு. இழுத்துக் கட்டிய அதே கயிறு. பெரிதாக்கிப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள். ஓங்கித்தானே வைத்தேன், கடைசிவரை ஓங்கித்தானே… அங்கே தன் செருப்புச் சத்தம் காதில் விழுந்ததா என்று நினைவைத் துழாவினாள். அந்த டேப் கதவுக்கு முன்னால் கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது.