உப்பேறிய சட்டை

மழை பெய்து ஓய்ந்துவிட்டது. பனி இன்னும் இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மலை மௌனம் காத்த நாட்கள் அவை. கார்காலமெல்லாம் முழங்கிய அருவிகள் இளைத்து, நரைத்த கூந்தலின் இழைகளாய்ப் பாறைமேல் தொங்கின. முகில்கள் பள்ளத்தாக்கில் படுத்துக்கிடந்து, வெயில் ஏறும்வரை எழ மனமின்றிப் புரண்டன. புல் நுனியில் தங்கிய நீர்த்துளி விழுவதா நிற்பதா என்று ஐயுற்று நடுங்கியது. அப்பருவத்தில் மலையேறுவோர்க்குக் குரல் தானே தாழும். படைத்தவன் ஏதோ எழுதி முடித்திருக்கிறான், அந்த எழுத்து உலரும்வரை நாம் பேசலாகாது என்பது போன்ற ஓர் அடக்கம் எங்கும் நிறைந்திருக்கும்.

அந்த அடக்கத்தோடுதான் அவள் ஆறாண்டுகளாய் நாள்தோறும் ஏறிவந்தாள். அம்மலையில் எஞ்சியிருந்த வரையாடுகள் நாற்பத்தொன்று. அவற்றைக் காப்பதும், அவை அன்றாடம் என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதுவதும் காட்டிலாகாவில் அவளுடைய வேலை. தெருவில் அவளை ஆட்டுக்காரம்மா என்றார்கள். வாழ்நாளில் ஓர் ஆட்டின் மடியைத் தொட்டறியாதவளுக்கு அந்தப் பெயர் எப்படியோ நிலைத்துவிட்டது.

அவள் தனக்கென ஒரு முறை வகுத்திருந்தாள். என்றும் ஒரே பழுப்பு மேற்சட்டை, ஒரே நேரம், ஒரே தட்டைப்பாறை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டில் ஒரு வரி: மேய்தல், அசைபோடுதல், காவல், விளையாட்டு. முதலாண்டில் அவள் தலை தெரிந்தாலே காவல்நின்ற ஆடு கூரிய சீழ்க்கை ஒன்று எழுப்பும். மறுகணம் சரிவில் கல்லுருளும் ஓசை மட்டுமே மிஞ்சும். இரண்டாம் ஆண்டில் சீழ்க்கை நின்றது. மூன்றாம் ஆண்டில் அவை அவளுக்கு எதிரிலேயே கால் மடக்கிப் படுத்து அசைபோட்டன. அன்று அவள் வீட்டுக்கு நடந்தா வந்தாள்? மிதந்து வந்தாள்.

அக்கூட்டத்தில் அவள் மனம் பறிகொடுத்தது இடக்காது இரண்டாய்க் கிழிந்த பெட்டை ஒன்றிடம். குறிப்பேட்டில் அதன் பெயர் பிளவுக்காதி. நண்பகலில் மற்றவை எல்லாம் படுத்திருக்க, பாறை விளிம்பில் அது மட்டும் நின்று பள்ளத்தைப் பார்த்திருக்கும். வாய் வைக்குமுன் ஒவ்வொரு புல்லையும் மூக்கால் ஒதுக்கி ஆராயும், சந்தையில் காய் பொறுக்கும் கறாரான இல்லத்தரசி போல. அதன் குட்டியோ உலகில் உள்ள உயரமெல்லாம் குதிப்பதற்கே அமைந்தது என்று எண்ணியிருந்தது. தாயின் முதுகும் அவ்வுயரங்களில் ஒன்று.

மலையடியில் சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியபோது, அதன் மேஸ்திரியாய் வந்தவன் அவள் கொழுந்தன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. அவள் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பகலெல்லாம் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கியிருப்பதால், மாலையில் சாப்பிட உட்காரும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே எதையும் பார்ப்பார்.

ஒரு மாலை, தட்டின் முன் அமர்ந்ததுமே கொழுந்தன் தொடங்கினான்.

“அண்ணி, உங்க நாத்தனார் இன்னிக்கு எங்க வேலைக்கு வந்திருந்தாங்க.”

“எனக்கு ஏதுப்பா நாத்தனார்?”

“காது கிழிஞ்சவங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வந்து, மண்வெட்டிக் காம்பை ஒண்ணு விடாம நக்கிட்டுப் போயிட்டாங்க. காம்பெல்லாம் பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க வேலையை விட்டுட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறானுங்க.”

“எனக்கு நாத்தனார்னா உனக்கு அக்காவாச்சே. கூடப் பொறந்தவளை ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னியா, இல்ல அப்படியே நின்னியா?”

கணவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே, “ஜாடை கொஞ்சம் இருக்குடா” என்றார்.

அவளும் சிரித்தாள். ஆனால் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். மண்வெட்டிக் காம்பில் என்ன இருக்கிறது? மனிதக் கையின் வியர்வை. வியர்வையில் என்ன இருக்கிறது? உப்பு. உயர்ந்த மலைப் புல்லில் கிடைக்காத உப்பு. அதுவரை சரி. ஆனால் மனிதன் தொட்ட பொருளில் உப்பு இருக்கும் என்று அந்தப் பெட்டைக்கு யார் சொன்னார்கள்?

அவள் எழுந்து கைகழுவிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினாள். மூன்றாம் ஆண்டுக் குறிப்பேட்டில் அவள் கையெழுத்திலேயே அந்த வரி இருந்தது: ‘ஒன்பது நாற்பது. உலர்த்தப் பாறைமேல் விரித்த என் மேற்சட்டையைப் பிளவுக்காதி நக்கினாள். நான் அசையவில்லை. பெருமகிழ்ச்சி.’

ஏறிவரும் வியர்வையில் முதுகு நனையும். உச்சிக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் விரித்துவிட்டு எழுத உட்காருவது அவள் வழக்கம். அதற்குப் பின் மூன்றாண்டுகள் பிளவுக்காதி அந்தச் சட்டையைத் தேடி வந்ததும், அவள் ஒருநாளும் விரிக்க மறக்காததும் பக்கம் பக்கமாய் எழுதப்பட்டிருந்தன. ‘பெருமகிழ்ச்சி’ என்பது எந்த ஆட்டின் நடத்தையும் அன்று. அது ஏன் அங்கே வந்தது என்று இத்தனை நாள் அவளும் கேட்கவில்லை. குறிப்பேட்டைச் சரிபார்த்த அதிகாரியும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கொழுந்தன் கேலியின்றி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“அண்ணி, கல் ஏத்திட்டு வந்த லாரி. டிரைவர் நல்ல மனுஷன், உயிரைக் கொடுத்து பிரேக் அடிச்சிட்டான். குட்டி எகிறிக் குதிச்சு, பின்னங்காலை நொண்டிக்கிட்டே ஏறிப் போச்சு. அது நொண்டினதைக்கூடப் பாத்துட்டேன். ஆனா அந்தம்மா அதுக்கப்புறமும் திரும்பி வந்து காம்பை நக்கிச்சே, அதைத்தான் என்னால பாக்க முடியலை.”

மறுநாள் அவள் அதிகாரியின் அறையில் நின்றாள். சுவரில் மலையின் வரைபடம். மூலையில் மடக்கிவைத்த குடை. மேசையில் லாரிக்காரர் எழுதிய புகார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

“அடுத்த மாசத்துலேருந்து இந்த ரோட்டுல ராத்திரி பகல்னு வண்டி போகும்மா. ஒண்ணு இறங்கினா பத்து பின்னால இறங்கும். பத்து நாள் பாக்கறேன். அதுக்கப்புறமும் வந்துச்சுன்னா பிடிச்சு, நகரத்து மிருகக்காட்சி சாலைப் பட்டிக்கு அனுப்பிடறேன். உயிரோடயாவது இருக்கும்.”

“சமதரையில அது என்னங்கய்யா செய்யும்? குட்டி?”

“தாயோடதான் போகும். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க.”

அவள் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியின்மேல் விரலை வைத்து நீட்டினாள். “இதை ஆரம்பிச்சு வெச்சது நான்தான்.”

அவர் படித்தார். அதே பக்கத்தின் அடியில் இருந்த தம்முடைய கையொப்பத்தையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு குறிப்பேட்டை மூடி மெல்ல அவள் பக்கம் தள்ளினார். “பத்து நாள்மா” என்றார். இம்முறை குரலில் கண்டிப்பு இல்லை.

கொழுந்தன் தன்னால் ஆனதையெல்லாம் செய்தான். வேலை நின்றதும் கருவிகளைக் கழுவிப் பெட்டியில் பூட்டவைத்தான். மறுநாள் பிளவுக்காதி குட்டியோடு இறங்கியபோது, அவன் சொற்படி ஆட்கள் அனைவரும் இரும்புச் சட்டிகளைத் தட்டி ஆர்ப்பரித்தனர். சரிவின் நடுவில் நின்று பார்த்திருந்த அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆடு வெருண்டு மேல்நோக்கிப் பாய்ந்தது. ஆனால் பாறைமுகட்டுக்குப் போகவில்லை. நேரே அவளிடம் வந்தது. குட்டியை அவள் காலடியில் விட்டு, பழுப்புச் சட்டைக்குப் பின்னால் ஒதுங்கி, மூச்சிரைக்க, கீழே நின்ற மனிதரை எட்டிப் பார்த்தது. அதன் விலாவின் சூடு அவள் முழங்காலில் பட்டது.

ஆறாண்டில் அதுவே முதல் தொடுகை. வேறு நாளாயிருந்தால் குறிப்பேட்டில் என்ன எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியும். இன்று அவள் அதைத் திறக்கவில்லை. ஊரே சேர்ந்து விரட்டினாலும் இது தன்னிடம்தான் ஓடிவரும். மனிதரில் ஒருத்தி நல்லவள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மனிதர் அனைவரும் நல்லவரே என்று இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு யார் விரட்டியும் பயனில்லை. விரட்ட வேண்டியவள் அவளே. அதுவும் இதே சட்டையோடு, இதே மணத்தோடு.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். “இனிமே அது என்னைப் பாத்து ஓடணும். ஓடிச்சுன்னா என் வேலையும் அங்கே முடிஞ்சுது. இன்னும் ஒரு வருஷம் எழுதினா ஏழு வருஷக் கணக்கு முழுசாகும். அதுவும் போச்சு.”

அவர் ஒரு கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். “உன் ஏழாவது வருஷம் பெருசா, அதோட அடுத்த வருஷம் பெருசா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அலமாரியிலிருந்து கனத்த பித்தளைத் தட்டொன்றை எடுத்துத் தந்தார். “இது நல்லா சத்தம் போடும்.”

மறுநாள் அவளால் தட்டைத் தூக்க முடிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. பிளவுக்காதி பத்தடி தொலைவில் நின்று, ஏன் இன்னும் சட்டையை விரிக்கவில்லை என்பது போல் கழுத்தை நீட்டியது.

“அண்ணி, அது நான்னு நினைச்சுக்குங்க!” என்று கீழிருந்து கத்தினான் கொழுந்தன். “மழைச் சேத்தோட நடுவீட்டுக்குள்ள வந்துட்டேன்னு வெச்சுக்குங்க!”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொத்துக்கொண்டு வந்தன. “வெளியே போடா!” என்று வீரிட்டாள். “எத்தனை தடவை சொல்றது, காலைக் கழுவிட்டு வான்னு! போ! போடி! மலைக்குப் போ!” தட்டு அதிர்ந்தது. கீழே நின்ற ஆட்கள் தம்மையறியாமல் இரண்டடி பின்வாங்கினர். ஆடு பின்வாங்கவில்லை. வாயில் பாதிப் புல்லோடு, இவளுக்கு இன்று என்ன வந்தது என்று பார்த்தது.

கெடுவின் மூன்றாம் நாள் சிறு கற்களைக் குளம்பருகே எறிந்தாள். இரண்டடி விலகி மூன்றடி நெருங்கியது. நான்காம் நாள் அவள் துரத்திக்கொண்டு ஓடி, வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். குட்டி அதை ஒரு புது விளையாட்டாக எண்ணிச் சுற்றிச் சுற்றி வந்தது. ஐந்தாம் நாள், ஓரமாய் விழட்டும் என்று எறிந்த கல் குறி தவறிப் பிளவுக்காதியின் விலாவில் பட்டது. அந்த ஓசை சிறியது. ஆடு அலறவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தது, குட்டியைத் தலையால் முட்டி முன்னே தள்ளியது, ஏறிப் போயிற்று.

அவள் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் மேலேறி வந்தான். குடிதண்ணீரை நீட்டிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றான். “எங்கம்மா என்னை அடிச்ச அன்னிக்கெல்லாம் அவங்கதான் சாப்பிடலை, அண்ணி” என்றான்.

ஆறாம் நாள் அவை பாதிச் சரிவு வரை வந்து நின்றன; தட்டொலி கேட்டதும் திரும்பின. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் வரவேயில்லை. ஒன்பதாம் நாள் கருவிகளை வேண்டுமென்றே வெளியில் விட்டுவைத்துப் பார்த்தார்கள். காம்புகளில் வெறும் பனிதான் படிந்திருந்தது.

பத்தாம் நாள் காலை கூண்டு வண்டி சாலையில் வந்து நின்றது. அதிகாரி தொலைநோக்கியோடு இறங்கினார். “நீங்க மேல போங்கம்மா. உங்களைப் பாத்து என்ன செய்யுதுன்னு பாத்துடலாம்.”

அவள் பழுப்புச் சட்டையை அணிந்து, வெறுங்கையோடு ஏறினாள். தட்டும் இல்லை; கல்லும் இல்லை. கால்கள் தாமே அறிந்த பாதை. பாறை விளிம்பில் கூட்டம் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் பிளவுக்காதி காவல் நின்றது. அவள் தலை மேட்டுக்கு மேலே தெரிந்த அக்கணம், கிழிந்த காது நிமிர்ந்தது.

சீழ்க்கை எழுந்தது.

நான்காண்டுகளாய் அவள் கேளாத ஒலி. அது பாறையில் பட்டு, பள்ளத்தில் விழுந்து, மறுகரையில் எழுந்து மீண்டது. நாற்பத்தோர் உடல்களும் ஒருசேர எழுந்தன. செங்குத்தான கற்சுவரில் கண்ணுக்குத் தெரியாத படிகள் அவற்றுக்கு மட்டும் இருந்தன போலும். குட்டியின் கால் நொண்டவில்லை. கடைசியாக ஏறியது பிளவுக்காதி. அது திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கல்லுருளும் ஓசை. அதன்பின் அதுவும் இல்லை.

கீழே கூண்டு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. கொழுந்தன் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து ஆட்டுவது எறும்பளவாய்த் தெரிந்தது. அவள் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: ‘எட்டு ஐம்பது. காவல். மனிதரைக் கண்டு பிளவுக்காதி எச்சரித்தாள். கூட்டம் முழுவதும் நீங்கியது.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

இனி எதிர்மலையிலிருந்து, தொலைநோக்கியின் வழியாகத்தான் பார்க்க முடியும். அவை எறும்பினும் சிறிதாய்த் தெரியும். அதனாலென்ன? தெரிந்தால் போதும்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அருகில் கசிந்த ஊற்றில் குவளையை நிறைத்து வந்து, ஆறாண்டு அமர்ந்த தட்டைப்பாறையின்மேல் ஊற்றினாள். மறுபடி நிறைத்து வந்தாள், மறுபடி ஊற்றினாள். இத்தனை மழையும் கழுவிய கல்லைத்தான் கழுவுகிறோம் என்பதை அவள் அறியாமலில்லை. ஆயினும் சட்டை விரித்த இடம் முழுவதையும் உள்ளங்கையால் தேய்த்து, விரலிடுக்கின் ஈரத்தை முந்தானையில் ஒற்றி, முகடு நோக்கிக் கைகுவித்து நின்றாள். உதடு அசைந்தது, ஒலி அவளுக்கே கேட்டதோ இல்லையோ.

“ஊன்றிய குளம்பு வழுவாதிருக்க. ஏறிய பாறை உன்னைத் தாங்குக. உன் குட்டிக்குக் குட்டி பிறக்க, அதற்கும் இந்த வானே கூரையாகுக. என் நிழல் கண்டால் அஞ்சுக, மகளே. அஞ்சி, நெடுங்காலம் வாழ்க.”