சலவை அக்காவின் தூசிமேடு

“இடத்த மாத்துங்க. இது மருந்தால மட்டும் தீர்ற விஷயம் இல்ல” என்றார் மருத்துவர்.

ஆறு வயது மகள் அவள் மடியில் உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கே மாற்றுவது? அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. வேலையோடு சேர்ந்து வந்த குடியிருப்பில் ஓர் அறை, ஒரு சமையலறை. கணவன் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த கல்லுடைக்கும் ஆலையில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி கட்டிச் செத்துப்போனான். மறுவருஷம் ஆலையையும் மூடிவிட்டார்கள். ஆலை கொட்டிய கல்தூசி மட்டும் மூன்று மாடி உயரத்துக்கு மேடாக அங்கேயே நின்றது. வேலையை விட்டால் வீடு போய்விடும். வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். ஒரு ஜன்னலும் திறந்து யாரும் பார்த்ததில்லை. இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து, அதற்கு மேல் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருந்தார்கள். அப்படியும் சாப்பாட்டுத் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் சோறு போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று இருமலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். மற்றபடி யாருக்கும் யாரும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள், மகளைப் படுக்கவைத்துவிட்டு, சமையலறைக் கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். நாம் போக முடியாது. அப்படியென்றால் அதுதான் போக வேண்டும்.

தூசி பறக்காமல் பிடித்து நிறுத்த, அடுத்த வாரமே நாற்றங்காலிலிருந்து முப்பது கன்றுகள் வாங்கி வந்து மேட்டில் நட்டாள். வேம்பும் புங்கையும். நாற்பது நாளில் முப்பதும் செத்தன. கல்தூசியில் தண்ணீர் பட்டால் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வேர் இறங்க வழியே இல்லை.

தரைத்தளத்தில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான். “கல்லுல நார் உரிக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்க்கா. நீங்க காடே உரிக்கப் பாக்கறீங்க!”

“சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா அந்தக் கடப்பாரையக் கொஞ்சம் குடுங்க” என்றாள்.

முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினாள். கால்வாயிலிருந்து வாரிப்போட்ட வண்டலைச் சுமந்து வந்து நிரப்பினாள். கிழிந்துபோய்க் கழித்துக்கட்டிய படுக்கை விரிப்புகளைச் சலவைக்கூடத்தில் கேட்டு வாங்கி, நனைத்து, குழியின் அடியில் சுருட்டி வைத்தாள். பருத்தி ஒரு வாரம் ஈரம் காக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, துணி தள்ளும் வண்டியில் வைத்து, காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கையெல்லாம் காய்த்துப்போனது. அந்த வருஷம் நாற்பது கன்று வைத்ததில் ஒன்பது பிழைத்தன.

ஒன்பது மறுவருஷம் முப்பதானது. பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஏழாவது வருஷம் இரண்டாம் மாடியில் இருந்த மருந்தகக்காரம்மா ஜன்னலைத் திறந்தாள். ஒட்டுநாடா பெயிண்டோடு பிய்ந்து வந்தது. அதைப் பார்த்து எதிர்வீடு திறந்தது. ஜன்னல்கள் திறந்ததும் முதலில் வந்தது சண்டைதான்: யார் வீட்டு ரேடியோ, யார் வீட்டுக் கருகல் நாற்றம். சண்டை போட்டவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். சாயங்காலங்களில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். மேட்டுக்கு அந்தப்பக்கம் பூட்டிக் கிடந்த தெருவில், தூசிக்குப் பயந்து ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள்.

மகளுக்கு மூச்சு சரியாகிவிட்டது. படித்தாள், தொலைவில் ஒரு நகரத்தில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. “நீயும் வந்துடும்மா” என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டாள்.

“இந்தக் கோடை போகட்டும்டி. மேல வச்ச கன்னெல்லாம் பிஞ்சு” என்பாள் இவள்.

சில தடவை அவள் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். “ஒரு பத்து நாளைக்கு யாராவது தண்ணி ஊத்தறீங்களா?” எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “ஐயோ அக்கா, உங்க கைராசி எங்களுக்கு வருமா?” அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்புக்கு ஒரு கதவு இருந்தால் தட்டியிருப்பாள். அது சுவராக இருந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது போனாள். இரண்டாம் நாளே வெயில் ஏறுகிறது என்று பையை எடுத்தாள். மகள் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். “எனக்காகத்தான் மரம் வச்சேன்னு சொல்லுவியேம்மா. இப்ப மரத்துக்காக என்னை விட்டுட்டுப் போற.”

பேருந்தில் ஏழு மணி நேரமும் அந்த வார்த்தை அவளோடு வந்தது. ஆனாலும் இறங்கியதும் நேரே கேன்களைத்தான் தேடிப்போனாள். கால் அங்கேதான் போயிற்று.

இருபத்திரண்டாவது வருஷம் பணிஓய்வு வந்தது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம். அதை மூன்று தடவை படித்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி, லேசாகிவிட்டது போலிருந்தது. அப்படி இருந்ததற்காக அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

குடியிருப்பு கொதித்தது. “அக்காவையா வெளிய போகச் சொல்றாங்க?” டிரைவர்தான் முன்னால் நின்றான். இருபத்துநான்கு வீட்டிலும் கையெழுத்து வாங்கினான். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறை வாசலில் ஒரு நாள் முழுக்க எல்லோரும் நின்றார்கள். கடைசியில் ஜெயித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூட்டம். அவளை நடுநாற்காலியில் உட்காரவைத்து, தோளில் சால்வை போர்த்தினார்கள். கண்காணிப்பாளர் எழுந்து படித்தார். சிறப்பு அனுமதி, மரங்களைப் பராமரிக்கும் பொருட்டு, அவள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

கைதட்டல் மழையாகக் கொட்டியது. ஆயுள் உள்ளவரை என்ற சொல் மட்டும் அவள் காதில் நின்றது. ஆயுள் தண்டனை என்றுதான் கேட்டது.

அவள் எழுந்தாள். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

“எனக்கு வீடு வேணாம் சார். நான் என் பொண்ணுகிட்ட போறேன்.”

யாருக்கும் புரியவில்லை. “என்னக்கா சொல்றீங்க?” என்றான் டிரைவர்.

“எல்லாரும் என்னைப் பெரிய மனுஷியாக்கிட்டீங்க. நான் ஊர் நல்லா இருக்கணும்னு நடல. என் புள்ளையத் தூக்கிட்டு ஓட எனக்கு வழி இல்ல. இருந்திருந்தா ஒரு குச்சிகூட நட்டிருக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷமா கண்ணு முழிச்சதும் எது காஞ்சிருக்குமோன்னு பயந்துக்கிட்டேதான் எந்திரிக்கிறேன். போதும்ப்பா. முடியல.”

மருந்தகக்காரம்மாதான் கேட்டாள். “அப்ப நாங்க என்ன பண்றது?”

“ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி. மேல ஏறும்போது வலது பக்கமா ஏறுங்க, இடது பக்கம் சரியும். வேற ஒண்ணும் இல்ல. கைராசின்னு ஒரு மண்ணும் கிடையாது.”

டிரைவர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தான். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, “கோவம் இன்னும் போகலக்கா” என்றான்.

“போக வேணாம். அதோடயே தண்ணி ஊத்துங்க.”

கோடை முடிந்து அவன் போன் செய்தான். உச்சியில் வைத்த கன்றுகளில் பதினொன்று செத்துவிட்டன. முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவதில் பெரிய சண்டை. மருந்தகக்காரம்மா இப்போது முதல் மாடியோடு பேசுவதில்லை. ஆனால் பட்டியல் போட்டுப் படிக்கட்டில் ஒட்டியிருக்கிறார்கள், ஓடுகிறது.

“பெரிய மரமெல்லாம்?” என்றாள்.

“உண்மையச் சொல்லிடறேன்க்கா. அதுங்களுக்கு இந்தக் கோடை முழுக்க யாரும் ஒரு சொட்டு ஊத்தல. ஒரு கிளைகூட வாடல. வேரு எப்பவோ கீழ இறங்கிடுச்சுபோல.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எப்போதோ என்றால் எப்போது? பேரன் பிறந்த அந்தக் கோடைக்கு முன்பேவா? மகள் வந்து, “என்னம்மா, மரம் ஏதாவது போயிடுச்சா?” என்று கேட்டாள்.

“இல்லடி. நல்லா இருக்கு” என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. மணி எட்டாகியும் அம்மா எழவில்லையே என்று பயந்துபோய் மகள் ஓடிவந்து தோளைத் தொட்டு உலுக்கினாள்.

“தூங்கறேன்டி. விடு” என்று திரும்பிப் படுத்தாள்.