லாண்டிரியில் பதினாலு பேர்

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் தீ ஒத்திகைச் சங்கு ஊதினால் முந்நூறு பேர் நடப்பார்கள், ஒரே ஒருவர் மட்டும் ஓடுவார். அந்த மகானுபாவர் அன்னத்தின் புருஷன்.

அன்னம் என்பது அவள் சொந்தப் பெயரல்ல. பூங்காவோடு ஒட்டிய விடுதியில் அவளுக்கு லாண்டிரி வேலை. கட்டில்மேல் வைக்கிற துண்டை அன்னப்பறவையாக மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அந்தப் பட்டம். புருஷனுக்கும் ஒரு பட்டம் உண்டு, ஓட்டக்காரர். அதை அவர் வாங்கிய கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்னத்துக்கு மட்டும் வராது.

அவர் விடுதிச் சமையலறையில் காய் நறுக்கும் பிரிவு. ஒத்திகை நாளில் சமையலறையின் கொடியைப் பிடிப்பவரும் அவரேதான். கொடி பிடித்தால் வெயிலில் நிற்க வேண்டுமே, வேறு எவன் வருவான்? சங்கு ஊதியதும் ஒவ்வொரு பிரிவும் வண்டி நிறுத்துமிடத்தில் தனக்குப் போட்ட கோட்டில் போய் நின்று ஆள் எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியென்றால் கொடியை இறக்கலாம். எல்லாக் கொடியும் இறங்கினால்தான் முடிவுச் சங்கு. நடுவில் அண்ணனைத் தேடுகிறேன், பெண்டாட்டியைத் தேடுகிறேன் என்று எவரும் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஓட்டக்காரர் இரண்டு முறை தாண்டினார். முதல் முறை நிஜத் தீ என்று நினைத்து, கொடியும் கையுமாக லாண்டிரிக்குள் புகுந்து, அன்னத்தைத் தரதரவென்று இழுத்து வந்தார். இரண்டாம் முறை அது ஒத்திகை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓடினார். "மனசுக்குத் தெரியுது சார், காலுக்குத்தான் தெரியல" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு நின்றாராம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வேலை காலி. வேலையோடு அவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் காலி.

அதனால் அன்று காலை, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அன்னம் வழிமறித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஓடினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். கட்டிடமே இடிஞ்சாலும் கோட்டைத் தாண்டக் கூடாது. என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க."

"ஏம்மா, காலங்காத்தால..."

"வைங்க கையை!"

வைத்தார். சொன்னார். பாவம், குரலே எழும்பவில்லை.

பதினோரு மணிக்கு ஒத்திகை. அதற்குக் கால் மணி நேரம் முன்னால் பாதுகாப்பு அதிகாரி மேடம் அன்னத்தைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சிவப்பு அட்டையைக் கையில் திணித்தார். 'காணாமல் போனவர்' என்று அதில் எழுதியிருந்தது.

"நீங்க துணி அறையில ஒளிஞ்சிருங்க. உங்க ஆளுங்க எண்ணிப் பார்த்து, ஒருத்தர் குறையுதுன்னு கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்ப்போம். தேட ஆள் வரும். வரலைன்னா முடிவுச் சங்கு கேட்டதும் வெளிய வந்துடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மேடம்..."

"அவர்கிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டாள் அன்னம். ஊரில் இத்தனை பேர் இருக்க, இந்த அட்டை இவள் கையிலா வந்து விழ வேண்டும்!

சங்கு ஊதியது. துணி அறையில் துண்டு மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று! காலை நீட்டியதும் முட்டி இரண்டும் 'அப்பாடா' என்றன. ஆனால் காது மட்டும் கதவிலேயே இருந்தது. தபதபவென்று ஓடிவரும் சத்தம் கேட்டால் அவ்வளவுதான், குடும்பம் தெருவில். வராதீங்க, வந்துடாதீங்க என்று உதடு முணுமுணுத்தபடி இருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. அவர் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் தேடும் ஆட்களையும் காணோமே? முடிவுச் சங்கையும் காணோமே? கால் மணி ஆனதும் பெருமூச்சு போய்க் கோபம் வந்தது. லாண்டிரியில் இருப்பது மொத்தம் பதினாலு பேர். அதில் ஒருத்தி இல்லையென்பதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா? பக்கத்து மேசையில் ஒன்பது வருஷமாகச் சேர்ந்து நிற்கிறாளே இஸ்திரிக்காரி, அவளுக்குக் கூடவா தோன்றவில்லை? இருபது நிமிடம் ஆனபோது கோபமும் போய்ப் பயம் வந்தது. நிஜத் தீயாக இருந்திருந்தால்? இந்தத் துண்டுகளோடு துண்டாக வெந்திருப்பாள். 'வராதீங்கன்னா வராமயே இருந்துடுவாரா இந்த மனுஷன்' என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. சங்காவது மண்ணாவது என்று எழுந்து, பின்பக்க வழியாக வெளியே வந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் முந்நூறு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். கரடி வேஷக்காரன் கரடித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வியர்வையைத் துடைத்தான். பேய் வீட்டு ஆட்களில் ஒருவனை, முகத்துச் சாயத்தை நிஜ ரத்தம் என்று நம்பி முதலுதவிக்காரர்கள் தலை முழுக்கக் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எல்லாப் பிரிவின் கொடியும் இறங்கியிருந்தது. லாண்டிரிக் கொடியும்தான். சமையலறையின் கொடி மட்டும் உயரத்தில் நின்றது. அதைப் பிடித்தபடி ஓட்டக்காரர், கோட்டின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். மேனேஜர் அவர் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டிருந்தார்.

"உன் ஆளுங்க எல்லாரும் சரியா இருக்காங்கல்ல? இறக்கித் தொலையேன்யா! அறுநூறு பேருக்குச் சாப்பாடு ஆகணும்!"

"லாண்டிரியில பதிமூணு பேர்தான் சார் இருக்காங்க."

"பதினாலுன்னு பேப்பர்ல டிக் போட்டிருக்குய்யா!"

"பேப்பர் நிக்கல சார். ஆளுதான் நிக்கணும்."

லாண்டிரி சூப்பர்வைசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பேர் கூப்பிட்டேன், பதினாலு பேரும் குரல் கொடுத்தாங்க. அங்க நின்னுக்கிட்டு எங்க கணக்கைப் பார்க்க இவர் யாரு?"

அன்னத்துக்கு அப்போதுதான் விளங்கியது. லாண்டிரியில் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அதனால் பேர் கூப்பிடும்போது பின்னால் நிற்பவளுக்கும் சேர்த்து முன்னால் நிற்பவளே 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துவிடுவாள். ஒன்பது வருஷப் பழக்கம். இங்கே இயந்திரமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் வாய்க்கு அது தெரிய வேண்டுமே! இஸ்திரிக்காரி மரத்து நிழலில், கூட்டத்துக்கு நடுவே நின்றபடி, "அவ பின்னாடிதான் எங்கயாவது நிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதுகாப்பு மேடம் ஓரமாக நின்று கடிகாரத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடைசியாச் சொல்றேன்" என்றார் மேனேஜர். "இறக்கு. இல்லன்னா மூணாவது கடிதம்தான்."

"கோட்டைத் தாண்டினாத்தானே சார் கடிதம்? நான் அசையவே இல்லையே. ஒரு ஆள் குறைஞ்சாலும் கொடியை இறக்காதேன்னு கொடி பிடிக்கிறவங்களுக்குக் கொடுத்த அட்டையில போட்டிருக்கு. எந்த செக்‌ஷன் ஆளுன்னு போடல."

சொல்லும்போது குரல் என்னவோ நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் கொடிக்கம்பு கிடுகிடுவென்று ஆடுவது அன்னத்தின் கண்ணில் பட்டது. காற்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். சிவப்பு அட்டை கையிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அவர் எதிரில் போய் மூச்சிரைக்க நின்றாள். அவர் அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார்.

"பதினாலு" என்றார். கொடியை இறக்கினார்.

முடிவுச் சங்கு ஊதியது. சமையலறைக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் மட்டும் இன்னும் கோட்டிலேயே நின்றார். நகரலாம் என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? உசுரே போயிடுச்சு. தலைமேல கையை வச்சுச் சத்தியம் வாங்கிட்டியேடி. இல்லன்னா அப்பவே ஓடி வந்திருப்பேன்."

அன்னத்துக்கு அத்தனை பேர் முன்னாலும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"அடுத்த தடவை ஓடி வந்துடுங்க."

"அப்ப வேலை?"

"போனாப் போகுது போங்க" என்றாள்.