காப்பிக் களத்துச் சுவர்

பூச்சு வெடிப்பாக இருக்கட்டும். வெறும் பூச்சு. சுரண்டினால் உள்ளே செங்கல் முழுசாக இருக்கட்டும். ஆண்டவரே, இந்த ஒரு வீட்டில் மட்டும் நான் நினைப்பது தப்பாகப் போகட்டும்.

பிரிஸ்கில்லா கையிலிருந்த சின்னச் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் கூர்முனையால் கீழ்வீட்டுச் சுவரைச் சுரண்டினாள். பச்சை வண்ணம் உதிர்ந்தது. அடியிலிருந்த சிமெண்டுப் பூச்சு உதிர்ந்தது. அதற்கும் உள்ளே செங்கல் குறுக்காக உடைந்திருந்தது. உடைந்த முகம் சிவந்து, புதிதாக இருந்தது. பழைய வெடிப்பென்றால் தூசியும் ஒட்டடையும் ஏறியிருக்கும்.

"என்ன கண்ணு, பெயிண்டைப் பூராச் சுரண்டிப்போட்டே" என்றார் பின்னால் நின்ற தேவசிகாமணி. "போன கிறிஸ்துமஸுக்கு அடிச்சது."

அவர் அவளுடைய தாய்மாமன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டிலிருந்து கிளியூருக்குப் போகும் வழியில், சரிவின் மேல், அவர் கூடவே நின்று கட்டிய வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு தளம்தான் தெரியும். அதில் அவரும் அத்தை செல்வமேரியும் இருந்தார்கள். பக்கவாட்டுப் படியில் இறங்கினால் அடியில் இன்னொரு வீடு. அதில் சின்னத்தாயி வாடகைக்கு இருந்தாள். அதற்கும் கீழே ஒரு கற்சுவர், ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, வீட்டின் பள்ளத்துப் பக்கப் பாதியைத் தாங்கும் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. சுவரின் காலடியில் காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம்.

மாமாவுக்கு இப்போது மேலே இன்னொரு மாடி வேண்டும். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை விடலாம். அனுமதி வேண்டுமென்றால், இருக்கும் கட்டிடம் தாங்கும் என்று ஓர் இஞ்சினியர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேலத்தில் பிரிஸ்கில்லாவுக்கு அதுதான் பிழைப்பு.

காலையில் பஸ் ஏறும்போதே மனசுக்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுத்தியலும் டார்ச்சும் பையில் கிடந்தது வெறும் பழக்கத்தால். அப்பா இல்லாத பெண்ணை, கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை கைபிடித்து நடத்திச் சென்றவர் மாமா. நடுவழியில் அவருடைய கைதான் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்தக் கதவு எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?" என்று சின்னத்தாயியிடம் கேட்டாள்.

குளியலறைக் கதவு பாதியில் நிலையோடு சிக்கி நின்றது. கைப்பிடியில் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

"மழை புடிச்சதுல இருந்துங்க அம்மிணி. ஊறிப்போச்சுன்னு ரைட்டரய்யா சொன்னாரு. ஆசாரியை உட்டு இழைக்கச் சொல்லோணும்."

"பிளாஸ்டிக் கதவுங்க. அது எப்படி ஊறும்?"

சின்னத்தாயி கதவைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா கொடியில் காயாமல் தொங்கிய குழந்தைத் துணிகளைப் பார்த்தார்.

உள்ளறையில் சின்னத்தாயியின் மகள் நந்தினி, தலைப்பிரசவத்துக்கு வந்தவள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சாய்ந்திருந்த சுவரில்தான் அதே வெடிப்பு ஏறிப் போயிருந்தது. கீழே மயிரிழை. மேலே போகப் போக விரல் நுழையும் அகலம். வீட்டின் பள்ளத்துப் பக்க மூலை இறங்குகிறது. கதவு ஊறவில்லை, நிலை சாய்ந்திருக்கிறது.

"நீ கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காரு கண்ணு" என்றாள். தன் குரல் சாதாரணமாக ஒலித்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. எத்தனை வீடுகளில் இந்தக் குரலை வைத்துச் சமாளித்திருக்கிறாள். 'மேலும் ஆய்வு தேவை', 'கண்காணிப்பில் வைக்கலாம்' என்று யாரையும் நோகடிக்காத வார்த்தைகள் அவளிடம் நிறைய உண்டு.

களத்துக்கு இறங்கினார்கள். மழை பெரிதாக இல்லை. ஆனால் விடாமல் பெய்தது. சுவரின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"செவுத்துக்குத் தொப்பை போட்டிருக்குது" என்றாள் பிரிஸ்கில்லா.

"உன்ற மாமனுக்கும்தான் போட்டிருக்குது. அதுக்காக விழுந்தா போயிட்டேன்?" மாமா குடைக்குள்ளிருந்து சிரித்தார். "சமதரையில படிச்சவளுக்கு மலை தெரியாது சாமி. இங்க எல்லாச் செவுரும் கொஞ்சம் அப்படித்தான் நிக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது. அவர் பேச்சுக்கு எப்போதும் அப்படி வரும். சிரிப்பு பாதியில் நின்றது. சுவரில் அங்கங்கே வட்ட வட்டமாகச் சிமெண்டு அப்பியிருந்தது. கல்லின் நிறத்தோடு சேராத வெளுத்த வட்டங்கள்.

"மாமா, இதெல்லாம் தண்ணி வடிய விட்ட பைப்புங்கதானே? நீங்களே வெச்சது."

"நானேதான் வெச்சேன்."

"அடைச்சது?"

"நானேதான்." அவர் சிரிப்பைக் கைவிடாமல் சொன்னார். "போன வருசம் என்னாச்சுன்னா, காப்பி காயப்போட்ட நேரம் பாத்து மழை. மேல தார்ப்பாய் போட்டுட்டோம். ஆனா இந்த ஓட்டைங்கள்ல இருந்து சொட்டுச் சொட்டா ஊத்தி, அடியால நனைஞ்சுபோச்சு. வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டு, பூசணம் அடிக்குதுங்க ரைட்டரேன்னு ஒதுக்கிட்டான். உன்ற அத்தை அழுதுட்டா. அதான் அடைச்சேன். இந்த வருசம் பாரு, களம் எப்படிச் சுத்தமாக் கெடக்குது."

களம் அப்படிக் கிடந்தது உண்மைதான். மழை விழுந்த ஈரத்தைத் தவிரச் சுவரிலிருந்து ஒரு சொட்டு இல்லை. அந்தத் தண்ணீரெல்லாம் சுவருக்குப் பின்னால், வீட்டுத் தூண்களைச் சுமக்கும் மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தர், அவளேகூட, சும்மா ஒரு நடை வந்து இந்தச் சுவரைப் பார்த்திருந்தால் போதும். ஓர் உளியும் அரைநாளும்தான் வேலை. போன பங்குனியில் வந்து தங்கியபோதுகூட அத்தை மேலே காப்பி கொடுத்தாள். பிரிஸ்கில்லா குடித்துவிட்டுக் கதை பேசிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சொந்தக்காரர் வீட்டை யார் போய்ச் சோதிப்பார்கள்?

சுவரின் ஓரத்துக்குப் போய், விலகி நின்றுகொண்டு, களத்தில் கிடந்த நீளமான கடப்பாரையின் முனையால் கடைசி வட்டத்தில் குத்தினாள். இரண்டாம் குத்தில் சிமெண்டு தெறித்தது. தண்ணீர் பீய்ச்சியடித்துக் களத்தின் பாதி வரை போய் விழுந்தது. டீயைப் போலக் கலங்கிய செம்மண் தண்ணீர். மாமாவின் வேட்டி முழங்கால் வரை சிவந்துவிட்டது. அவர் நகரவில்லை. நிற்காமல் வந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

"நல்லதுதானே கண்ணு, வடிஞ்சிரும்" என்றார் கடைசியில்.

"மண்ணோட வருதுங்க மாமா. உள்ள மண்ணு கரையுது. அது மேலதான் தூணு நிக்குது."

"அப்ப மத்ததையும் திறந்துருவோம். நாளைக்கே ஆளை வரச் சொல்றேன்."

"திறக்கலாம். முட்டுக் குடுத்துட்டுத் திறக்கலாம். அதுக்கு முன்னால ஊட்டைக் காலி பண்ணோணும். ரெண்டு ஊட்டையும். இன்னிக்கே."

குடை லேசாகச் சாய்ந்து அவர் தோளில் மழை பட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மாடி வேண்டாம். உட்டுட்டேன். கையெழுத்தும் நீ போட வேண்டாம். சரியா? ஆனா காலி பண்ணுங்கற வார்த்தையை மட்டும் அவங்க முன்னால சொல்லிப்போடாதே. ஒருக்கா சொல்லிட்டா இந்த ஊட்டுக்கு இனி யாரும் வர மாட்டாங்க. ரைட்டர் கட்டுன ஊடு விழப்போகுதுன்னு பஜார் பூராப் பேசுவாங்க. செத்தாலும் அந்தப் பேரு என்னோடயே வரும்."

அவர் கெஞ்சுகிறார் என்பது புரிய அவளுக்குச் சிறிது நேரமானது. மாமா கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமே என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. தெளிவான, அன்பான குரல். பைப்புகளைத் திறந்தால் வடியும். இதைவிட மோசமான சுவர்கள் பல காலம் நின்றிருக்கின்றன. ஒருவேளை நிற்கும். அந்த 'ஒருவேளை'யை அவள் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் மாமாவின் பெயர் இருந்தது. மறுபக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நந்தினி.

படியேறினாள். மாமா பின்னாலேயே வந்தார்.

வாசலில் நின்றே சொன்னாள். "சின்னத்தாயிக்கா, செவுரு தண்ணியை வாங்கி நிக்குது. மூலை இறங்குது. முக்கியமானதை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"அய்யோ, எங்கீங்க போறது? இந்த மழையில பச்சை உடம்புக்காரியை, தலை கூடச் சரியா நிக்காத கொழந்தையை வெச்சுக்கிட்டு?"

"கோயில் பக்கத்து ஹாலைத் திறந்து தரச் சொல்றேன். ஜீப்புக்குச் சொல்லிக்கலாம்."

"சளி புடிச்சா நீங்க பாப்பீங்களா?" சின்னத்தாயியின் குரல் உயர்ந்தது. "நேத்துத்தான் பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா, வாடகையை ஏத்தறதுக்கு இப்படியெல்லாம் சொல்லிக் கிளப்புவாங்கன்னு. ஏனுங்க ரைட்டரய்யா, நிசத்தைச் சொல்லுங்க. விழுமா, விழாதா?"

மாமா குனிந்து சிவந்த வேட்டி நுனியைப் பிழிந்தார்.

மேலிருந்து செல்வமேரி இறங்கி வந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். "என்ன சத்தம்? பிரிஸ்கி, கறிக்கொழம்பு ஆறிப்போகுது. படுக்கையும் போட்டாச்சு. ஜன்னலோரமா, உனக்குப் புடிச்ச எடத்துல. வா மேல."

சின்னத்தாயி அதைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க, இஞ்சினியரம்மாவே ராத்திரி இங்கதான் படுக்கறாங்க. அப்புறம் எங்களை மட்டும் எதுக்குங்க போகச் சொல்றது? அவங்க மேல படுத்தா நாங்க கீழ நிம்மதியாத் தூங்குவோம்."

மாமாவின் முகம் மாறியது. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது போல. குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். கல்யாணத்தன்று பிடித்ததைப் போலவே அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அதைத்தான் சாமி நானும் கேக்கறேன். எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம். எப்பவும் தங்கற மாதிரி இன்னிக்கு ராத்திரி ஒண்ணு தங்கிப்போடு. விடிஞ்சதும் ஆளு வரும், முட்டுக் குடுத்துக்கலாம். நீ இங்க படுத்தீன்னா இவங்களுக்குத் தைரியம். எனக்கும்..." அவர் நிறுத்தினார். "எனக்கும்தான்."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அவரும் பயந்துபோயிருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்கும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அவள் அங்கே படுத்துத் தூங்கினால் போதும். அவளால் அது முடியும். ஜன்னலோரம், அத்தை விரித்த கம்பளி, காதில் மழை. கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றும் இல்லை. அவள் தூங்குவதை நம்பித்தான் கீழே குழந்தையும் தூங்கும்.

அத்தை காத்திருந்தாள். சின்னத்தாயி காத்திருந்தாள். உள்ளறை வாசலில் நந்தினி எழுந்து வந்து, குழந்தையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, பிரிஸ்கில்லாவின் முகத்தையே பார்த்தாள்.

பிரிஸ்கில்லா மாமாவின் கையை உதறவில்லை. அதன் மேல் தன் கையை வைத்தாள். இந்த முறையும் அந்தக் கைதான் நடுங்கியது. நந்தினிக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் மெல்லத்தான், சொன்னாள்.

"இல்லீங்க மாமா. இந்த ஊட்ல நான் படுக்க மாட்டேன்."