மீசையில் மாவு

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவரிடம் கேட்க வேண்டியதில்லை. மீசையைப் பார்த்தால் போதும். அவர் பேக்கரி மாஸ்டர். பொழுது விடிந்தால் கை மாவில்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொள்வார், மீசை முழுக்க மாவு அப்பிக்கொள்ளும். வெள்ளை மீசையோடு அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தால், உள்ளே யாரோ நல்லதாக ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று பன் வாங்க வந்தவர்களுக்கே தெரிந்துவிடும்.

பொத்துவதற்குக் காரணம் பல்தான். முன்பல் ஒன்று முனை உடைந்தது, பக்கத்தில் இருப்பது ஓரம் கறுத்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கட்டிய மனைவி எனக்கே தெரியாது. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட உதட்டைப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் பெரியம்மா இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். நானும் வருஷக்கணக்காக, பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். மாவு மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்கிப் போடுகிற மனுஷன், பல் டாக்டர் என்றால் மட்டும் ஓவனில் ஏதோ கருகுகிறது என்று ஓடிவிடுவார். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஆள், வாயில் விரல் வைக்கவே யாரையும் விட்டதில்லை.

போதாக்குறைக்கு என் மாமனார் வேறு. கடையை ஆரம்பித்தவர் அவர், கிரீம் அடிக்கிற வேலையை மகனிடம் விட்டு ரொம்ப நாளாகிறது. நடுவயதிலேயே பல்லெல்லாம் போய், அன்று முதல் பல்செட்தான். "நம்ம குடும்பத்துப் பல்லே அப்படிம்மா. ரத்தத்துல வந்தது" என்று சொல்வார். ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி ஒரு பெருமிதம் அதில் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்கிறவள் என் மகள். வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அந்தப் பெயருக்குக் குறை வைத்ததே இல்லை. அவளுக்கு ஏழு வயது. ஒரு நாள் அவள் பன்னைத் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மென்றதைப் பார்த்தேன். ஏன்டி என்றால், அந்தப் பக்கம் வலிக்கிறது என்றாள். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசிப் பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம்.

மாமனார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பால் பல்லுதானே. தானா விழுந்து வேற முளைக்கும். ரொம்ப வலிச்சா பிடுங்கிப் போட்டுடலாம்."

என் வீட்டுக்காரர் ஓவன் பக்கம் போனார். கருகுவதற்கு அன்றைக்கு உள்ளே எதுவுமே இல்லை. நான் விடவில்லை. அப்பா மகள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து, மருந்துக்கடை மாடியில் இருக்கும் பல் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். மகள் நாற்காலியில் ஏறிவிட்டாள். அவர் வாசலிலேயே நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் படிக்கட்டில்.

டாக்டரம்மா நிதானமானவர். மகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டு, அவளைச் சிரிக்க வைத்தார். சிரித்தவள் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா மூடிக்கிற? முன்னாடி பல்லெல்லாம் அழகாத்தானே இருக்கு?"

"எங்க வீட்ல அப்படித்தான் சிரிப்போம்" என்றாள் மகள்.

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாலுக்கு ஏது அடக்கம்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "இது பால் பல் இல்லைங்க. ஆறு வயசுல பின்னாடி புதுசா முளைக்கிற நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாம, சத்தமில்லாம வந்துடும். அதனால நிறைய வீட்ல இதைப் பால் பல்லுன்னுதான் நினைக்கிறாங்க. இது போச்சுன்னா திரும்ப முளைக்காது."

நான் நாற்காலிப் பக்கம் நெருங்கினேன். "பிடுங்கணுமா டாக்டர்?"

"வேண்டாம். இன்னும் ஆழத்துக்குப் போகல. சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. உள்ள போயிடுச்சுன்னா பல்லைக் காப்பாத்துறது கஷ்டம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க பேக்கரிக்காரங்கதான், ஆனா இவளுக்கு இனிப்பே குடுக்கறதில்ல டாக்டர். லீவு நாள்ல ஒரு துண்டு கேக், அவ்வளவுதான். வேற யார் வீட்லயும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது."

"பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன பண்ணுவா?"

அதில் மறைக்க என்ன இருக்கிறது? கடைக்கு வருவாள். அப்பா கிரீம் அடிக்கிற மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவர் கிரீமை ருசி பார்க்கும்போதெல்லாம் அவள் விரலிலும் ஒரு பொட்டு வைப்பார். கேக் ஓரத்தைச் சீவினால் சீவலில் ஒரு துணுக்கு. "ஒரு நக்குதான் டாக்டர்" என்றேன்.

"எத்தனை தடவை?"

விரல் விட்டு எண்ணினேன். ரோஜா நிறம் கலந்தால் ஒரு நக்கு, மஞ்சள் கலந்தால் ஒரு நக்கு. சாயங்காலம் முழுக்க அதுதான் நடக்கிறது.

"இனிப்பு உள்ள போற ஒவ்வொரு தடவையும் பல்லு கொஞ்ச நேரம் அடி வாங்கும். அப்புறம் எச்சில்தான் அதைச் சரி பண்ணும். அதுக்கு நேரம் வேணும். அவ ஒரு முழுத் துண்டு கேக்கைச் சாப்பாட்டோட சாப்பிட்டு எழுந்திருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காது" என்றார் டாக்டரம்மா. "நீங்க கொஞ்சமாத்தான் குடுத்திருக்கீங்க. ஆனா பல்லுக்கு ஓய்வே குடுக்கல."

குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. வாசலில் நின்றவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். தினமும் பாசமாகக் கிரீம் தொட்டு வைத்த விரல் அது.

அன்றைக்கே அடைத்துவிடலாம் என்று டாக்டரம்மா கருவியைக் கையில் எடுத்தார். அது ஒரு முறை 'உய்ங்' என்றது. அவ்வளவுதான், மகள் வாய் மூடிக்கொண்டது. கெஞ்சினேன், மிரட்டினேன், பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். தலைகீழாக நின்றாலும் திறக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள்.

"கட்டாயப்படுத்த வேண்டாம். பயந்துட்டான்னா அப்புறம் எந்த வயசுலயும் இந்தப் பக்கம் வரமாட்டா. வீட்ல பேசி, சீக்கிரமாக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எந்த வயதிலும் இந்தப் பக்கம் வராத ஒருவர் எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டில் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா பல்லும்தான் கறுப்பா இருக்கு. அப்பா ஏன் போகல?"

சாப்பாட்டு மேஜையில் என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். மாமனார்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "விடும்மா. குழந்தையைப் போட்டு வதைக்காத. நம்ம குடும்பத்துப் பல்லே..."

"அப்பா" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே பேசினார். பெற்றவர் பேச்சில் அவர் குறுக்கிட்டு நான் பார்த்ததில்லை. "நீங்க ஏன் கிரீம் ருசி பார்க்கறதை விட்டீங்க?"

மாமனார் தட்டைத் தள்ளி வைத்தார்.

"செட்டு மேல் அண்ணத்தை மூடிக்குதுப்பா" என்றார். "இனிப்பு தெரியுது. பட்டர் நல்லதா கெட்டதான்னு எனக்குப் பிடிபடல. ஒரு நாள் சிக்கு வாடை அடிச்ச பட்டர்லயே கிரீம் போட்டுட்டேன். வாங்கின அம்மா கடை வாசல்லயே ஒரு வாய் வச்சுப் பார்த்து முகத்தைச் சுளிச்சாங்க. அந்த முகத்தைப் பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது. மறுநாள் உங்கிட்ட மேடையை விட்டுட்டேன்."

மகன் கை தேறிவிட்டது என்று சந்தோஷமாக ஒதுங்கிக்கொண்டார் என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "நாளைக்குக் கடையை நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா" என்று மகனிடம் சொன்னார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போ என்று அவர் சொல்லவில்லை, மகனையே போகச் சொன்னார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். தலையைப் படிய வாரினார். மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தோம். கிளினிக் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்த கையை எடுக்கவே அவருக்கு மனசு வரவில்லை. சூடான ட்ரேயை வெறும் துணியால் இழுக்கிற கை அது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேலே போய்விட்டார்.

"டாக்டர், முதல்ல எனக்குப் பாருங்க" என்றார். நாற்காலியில் படுத்து மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இங்க நின்னு நல்லாப் பாரு."

விளக்கு முகத்தில் விழுந்தது. உதடு இறுகியே இருந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. இத்தனை வருஷமாக உலகத்துக்கே மூடி வைத்ததை, தன்னை எப்போதும் பெரிய ஆளாக நினைக்கிற மகளுக்கு முன்னால் திறக்க வேண்டும். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திறந்தார். என் மனதில் அவர் மேல் எவ்வளவோ பிரியம் உண்டு, ஆனால் அந்த நிமிஷம் வந்தது வேறு. இவ்வளவு தைரியமான ஆளையா நான் கட்டியிருக்கிறேன் என்று மலைத்துப்போனேன்.

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, உள்ள எல்லாம் பள்ளமா இருக்கு."

அவர் கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார், ஆமாம் என்பது போல.

டாக்டரம்மா ஊசி போட்டு, கறையைச் சுரண்டி, ஒரு சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தார். கருவி 'உய்ங்' என்றபோதெல்லாம் மகள், "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று கையசைத்தார். மறு கை நாற்காலிப் பிடியைப் பிசைந்துகொண்டிருந்தது, கெட்டி மாவு பிசைகிற மாதிரி. முடிந்து எழுந்தபோது ஒரு பக்க உதடு மரத்துப்போய்க் கோணலாகத் தொங்கியது.

"வலிக்கவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் குழறலாக. "ஊசி சுருக்குன்னுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல. சத்தம்தான் பெருசு."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், பொய் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. தானாக நாற்காலியில் ஏறினாள். அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பல் பிழைத்தது.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் சில பழக்கங்கள் மாறின. ருசி பார்க்காமல் மாஸ்டர் வேலை இல்லை, ஆனால் இப்போது எல்லா நிறத்தையும் கலந்து முடித்துவிட்டு ஒரேயடியாக ருசி பார்த்து, தண்ணீரால் வாய் கொப்பளித்துவிடுகிறார். மகளின் வீட்டுப்பாடம் கல்லாவில் என் பக்கத்துக்கு வந்துவிட்டது. கேக் உண்டு, சாப்பாட்டோடு. படுக்கப் போகும் முன் மூன்று பேர் பிரஷ்ஷோடு குழாயடியில் நிற்கிறார்கள். அப்பா மகளுக்குக் கடைசிப் பல் வரை தேய்த்துவிடுகிறார், அவள் கை அங்கே எட்டாது. பிறகு அவள் போன் வெளிச்சத்தை அடித்து அப்பா வாயைச் சோதனை போடுவாள். "பின்னாடி விட்டுட்டீங்க, திரும்பத் தேய்ங்க" என்று வாத்தியாரம்மா தோற்றுப்போகிற அதிகாரத்தில் சொல்வாள். மாமனார் பல்செட்டைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருப்பார். அதையும் அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பாஸ் போடுவாள்.

என் வீட்டுக்காரர் இன்னும் சில தடவை தனியாகவே கிளினிக்குக்குப் போனார். முன்பல்லும் சரியானது. ஆனால் கை மட்டும் பழக்கத்தில் வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

போன வாரம் கல்லாவில் இருந்தேன். உள்ளே பெரிதாக ஒரு சத்தம், ட்ரே விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். விழவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவில், தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கத் திறந்து. எதிரே வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கையும் வாய்ப் பக்கம் போகவில்லை, அடைத்த பல் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். சொல்ல முடியாமல் இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும், அவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கமாக பன் வாங்குகிற தையல்காரர் வந்தார். எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரரின் மீசையைக் கவனித்தார். "என்ன மாஸ்டர், மீசை கறுப்பாவே இருக்கு? இன்னைக்குச் சிரிக்கவே இல்லையா?"

அவர் மாவுக் கையைத் தூக்கவில்லை. பல்லைக் காட்டினார்.