ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த நரம்பு?

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையை அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் கடலில் பிடித்து வர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒருவர் தூண்டிலோடு கடற்சுவரில் போய் நிற்போம். நல்லெண்ணெய் தொட்ட இட்லித் துண்டுதான் இரை. கிடைத்ததை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் அவிழ்த்துவிட்டால் மறுநாள் ஞாயிறு. கிடைக்காத வீட்டில் சனிக்கு அடுத்து திங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வாரமாகத் திங்கள்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் லூர்து வீட்டு ஞாயிற்றிலிருந்து கறிக்குழம்பு வாசம் வரும். இந்தப் பக்கம் நாங்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்போம். என் மனைவி சந்தனமாரி எறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். ஐஸில் கை வைத்து வைத்து அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த வாரமும் கொண்டு வரலேன்னா நான் கோவில்பட்டிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்கல்லாம் ஞாயித்துக்கிழமை தானாவே வருதாம்" என்றாள். சொன்னால் செய்கிறவள். போனால் லேசில் திரும்பவும் மாட்டாள்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தங்கூசித் தூண்டில் நரம்பில்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை இழை, கண்ணாடி மாதிரி இருக்கும், இழுத்தால் நீளும். அதை விட்டுவிட்டுப் பின்னல் நரம்புக்கு மாறினேன். பச்சை நிறம், எட்டு இழை சேர்த்துப் பின்னியது, ஓர் அங்குலம்கூட நீளாது. "ஞாயிறு மூச்சு விட்டாக்கூட உம்ம விரலுக்குத் தெரியும் வேய்" என்றார் கடைக்காரப் பிச்சையா அண்ணாச்சி. அவர் சொன்னது நிஜம்.

முதல் வாரம் தங்கூசிக்குப் போடுகிற முடிச்சையே இதற்கும் போட்டேன். வழுக்கிக்கொண்டு அவிழ்ந்துவிட்டது. இரண்டாம் வாரம் பழக்க தோஷத்தில் வெடுக்கென்று சுண்டி இழுத்தேன். ஞாயிற்றுக்கு வாய் மெத்தென்று இருக்கும். அது கிழிந்துபோய், ஞாயிறு காலையில் ஒரு கால் மணி நேரத் துண்டு மட்டும் முள்ளில் வந்தது. அதில் ஒரு காப்பி குடித்தோம். மூன்றாம் வாரம் நரம்பு பாறையில் உரசி அறுந்தது.

"ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்" என்றாள் சந்தனமாரி. நான் அதுவரை மேடையைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

நான்காம் சனிக்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டு, தங்கூசிச் சுருளைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு தானே வந்துவிட்டாள்.

"தங்கூசி தண்ணிக்குள்ள தெரியாது. உங்க பச்சைக் கயித்தைப் பாத்தாலே அது ஓடிரும்" என்றாள்.

"இப்ப சீசன்ல அது ரொம்ப தூரத்துல மேயுது. தங்கூசி போட்டா கடிக்கறதே கைக்குத் தெரியாது" என்றேன்.

இரண்டுமே சரி. அதனால் சண்டை ஐந்தரை மணி வரை போனது. லூர்து தன் ஞாயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். அந்தச் சாக்கைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். என் பின்னல் நரம்பின் நுனியில் கையை விரித்து அளந்து இரண்டு பாகம் தங்கூசியை வைத்து, ஏழு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினாள்.

"தூரத்துக்கு உங்களது. வாய்க்கு என்னது."

வீசினேன். கொஞ்ச நேரத்தில் விரலில் ஒரு கொட்டாவி தட்டுப்பட்டது. சுண்டுவதற்குக் கை எழும்பியது.

"இழுக்காதீங்க. அது போற வரைக்கும் போகட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் இழுக்கவில்லை. அது போனது, நின்றது, யோசித்தது, பிறகு தானே திரும்பியது. கரைக்கு வந்தபோது மஞ்சள் வயிறும் நல்ல அகலமுமாக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் சிரித்தாள். கோவில்பட்டிப் பேச்சு அதோடு நின்றது.

தங்கூசியில் வந்ததால் அந்த ஞாயிறு கொஞ்சம் நீண்டுவிட்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், கறி எடுத்தோம், சாப்பிட்டோம், தூங்கி எழுந்தோம். மணி பதினொன்று. மறுபடியும் தூங்கி எழுந்தோம். பதினொன்றரை. சந்தனமாரியின் விரல்களில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள்.

திங்கட்கிழமை தன் நேரத்துக்குச் சரியாக வந்து, டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றது. உள்ளே ஞாயிறு இன்னும் முடியாததால் நுழைய அதற்கு இடமில்லை.

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள் அவள்.

அது செருப்பைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தது. இதுவரை ஞாயிற்றுக்கிழமையை உள்ளே வந்து பார்த்ததே இல்லை என்று சொன்னது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனது. ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

தெருமுனையில் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்தது.

"குழம்பு போதுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தண்ணி ஊத்திக் கொதிக்க விடுங்க" என்றாள்.

ஊற்றினேன்.